நீலக் கண்ணாடியும் சிவப்புக் கழுத்துத்துண்டும்: மிஷூவை முன்வைத்துச் சில வாதங்கள்

பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில், பெண்வேடக் கலைஞர்கள் ஆடிப்பாடும் ஒரு காபரேயை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய மிஷூ, 2020 ஜனவரி 26 அன்று தம் 88-ஆம் வயதில் மறைந்தார். அஞ்சலிகள் குவிந்தன. அவற்றைத் தொகுத்து வாசித்தால் ஒரே பட்டியல்தான் எஞ்சுகிறது: முகத்தில் பாதியை மறைக்கும் நீலக் கண்ணாடி, நீலக் கோட்டு, நாள்தோறும் அருந்திய ஷாம்பெய்ன், இறுதியில் அவரைத் தாங்கிச் சென்ற நீலச் சவப்பெட்டி. பாரிஸ் இரவுகளுக்கு வண்ணம் சேர்த்த விசித்திர மனிதர் என்பதோடு எழுதுகோல்கள் ஓய்ந்துவிட்டன. ஒரு கலைக்கூடத்தை உருவாக்கி, கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு நிகழ்த்து மரபைத் தலைமுறைகள் தாண்டிக் காப்பாற்றிய ஒருவரைப் பற்றிச் சொல்ல நிறத்தைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லையா என்பதே நம் முதற்கேள்வி.

இது தற்செயலான குறைபாடு என்று நாம் நம்பவில்லை. பெண்ணுடை தரித்த ஓர் ஆணைக் கலைஞனாகவும் முதலாளியாகவும் ஒருசேரக் காண மறுக்கிற பழக்கம் ஒன்று உண்டு. அது நாடகத்தில் இருக்கிறது, சட்டத்தில் இருந்தது, விருதளிப்பில் ஒளிந்திருக்கிறது, கோட்பாட்டு நூல்களிலும் தலைகாட்டுகிறது. மிஷூவின் வாழ்வைச் சான்றாக நிறுத்தி அந்தப் பழக்கத்தோடு வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் துடைத்துக்கொள்ள வேண்டும். 'காபரே' என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது, எழுபதுகளின் திரைப்படங்களில் வில்லனின் மறைவிடத்தில் நடக்கும் நடனம். மோன்மார்த்ரின் காபரேயோ இலக்கியத்தின் உடன்பிறப்பு. 1881-இல் ரொதோல்ஃப் சாலீஸ் அங்கே 'ஷா நுவார்' (கறுப்புப் பூனை) என்ற காபரேயைத் திறந்தார். கவிஞர்கள் அங்கே தம் கவிதைகளைத் தாமே வாசித்தார்கள், எரிக் சாத்தி பியானோ வாசித்தார், நிழற்கூத்து நடந்தது, அதே பெயரில் ஓர் இதழும் வெளிவந்தது. 1885-இல் சாலீஸ் வேறிடத்துக்குப் பெயர்ந்தபோது, பழைய இடத்தில் அரிஸ்தித் ப்ரூவான் தம் 'மிர்லித்தோன்' காபரேயைத் தொடங்கினார். வாடிக்கையாளரை வாசலிலேயே வசைபாடி வரவேற்பது ப்ரூவானின் பாணி. வசை கேட்கவென்றே கனவான்கள் காசு கொடுத்து வந்தார்கள். சேரிகளின் கொச்சைமொழியில் அவர் கட்டிய பாடல்கள் இன்று பிரெஞ்சு இலக்கிய வரலாற்றில் இடம்பெறுகின்றன. கறுப்பு மேலங்கியும் சிவப்புக் கழுத்துத்துண்டுமாக அவரைத் துலூஸ்-லோத்ரெக் வரைந்த 1892-ஆம் ஆண்டுச் சுவரொட்டி, ஓவிய வரலாற்றின் பொதுச்சொத்து.

இவ்விருவரிடமும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. சாலீஸும் ப்ரூவானும் கடை முதலாளிகள். அதே நேரத்தில் தம் கடையின் முதன்மை நிகழ்த்துநர்கள். கல்லாவும் மேடையும் ஒரே ஆளிடம் இருந்தன. ஒரே உடையை, ஒரே நிறத்தைத் தம் முத்திரையாக்கி, தம் உடலையே கடையின் பெயர்ப்பலகையாக நிறுத்தும் உத்தியும் ப்ரூவானிடம் இருந்தது. மிஷூ இந்த மரபின் நேர் வாரிசு. மிர்லித்தோன் இருந்த ரோஷ்ஷுவார் பெருஞ்சாலையிலிருந்து மிஷூவின் வாசலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் சிவப்புக் கழுத்துத்துண்டு கலை வரலாற்றுக்குள் போயிற்று. நீலக் கண்ணாடி கிசுகிசுப் பத்திக்குள் போயிற்று. இடையில் நேர்ந்தது என்ன? ஒரு பெண்ணுடை குறுக்கிட்டது என்பதே நம் விடை.

வரலாற்றைப் பார்ப்போம். மிஷெல் காத்தி என்ற இயற்பெயருடைய மிஷூ, 1931-இல் வட பிரான்ஸின் அமியேன் நகரில் பிறந்தார். பாட்டியின் கையில் வளர்ந்தவர். இளம் வயதில் பாரிஸுக்கு வந்து, கிடைத்த வேலைகளைச் செய்து, 1956-இல் மார்த்தீர் தெருவில் 80-ஆம் எண்ணிலிருந்த ஒரு சிறு இடத்தைத் தம் பொறுப்பில் எடுத்தார். மார்த்தீர் என்றால் வேதசாட்சிகள். தலை வெட்டுண்ட புனித தெனி, அத்தலையைக் கையில் ஏந்தியபடி நடந்தார் என்று தொன்மம் சொல்லும் குன்றுக்கு ஏறும் தெரு அது. அங்கே ஒரு திருவிழா இரவில், மிஷூவும் இரு நண்பர்களும் வேடிக்கைக்காகப் பெண்வேடமிட்டார்கள். மிஷூ தரித்தது பிரிஜித் பார்தோ வேடம். கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஓரிரவு வேடிக்கைதான் 'ஷே மிஷூ' (மிஷூவின் இல்லம்) என்ற காபரேயாக வளர்ந்தது. புகழ்பெற்ற பாடகியரையும் நடிகையரையும் போலச்செய்து காட்டும் கலைஞர்கள் அங்கே உருவானார்கள். பின்னாளில் மிஷூ தாம் வேடமிடுவதை விட்டுவிட்டு, நீல உடையில் நின்று ஒவ்வொரு கலைஞரையும் அறிமுகம் செய்கிறவரானார். அந்த நீல உடையும் ஒரு வேடமே என்பதை அஞ்சலிக்காரர்கள் கவனிக்கவில்லை.

அந்தத் திருவிழா எது என்பது முக்கியம். அது 'மார்தி க்ரா'. சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய். தவக்காலம் தொடங்குமுன் சமுதாயம் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் ஒருநாள் விடுப்பு. ஏழை பணக்காரனாகவும் ஆண் பெண்ணாகவும் வேடமிட அன்று அனுமதி உண்டு. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பாரிஸின் 'மாஜிக் சிட்டி' கூடத்தில் நடந்த பெரும் பெண்வேட நடன விழாக்களும் இந்தத் திருவிழா நாள்களின் நிழலில்தான் நடந்தன. எஞ்சிய நாள்களின் நிலைமை வேறு. பொது இடங்களில் ஆண்கள் தமக்குள் நடனமாடக் கூடாது என்று 1949-இல் பாரிஸ் காவல்துறைத் தலைமை ஆணையிட்டது. தன்பாலீர்ப்பைக் குற்றப்பட்டியலிலிருந்து 1791-இலேயே நீக்கியதாகப் பெருமை பேசும் நாடு அது. அங்கேதான் விஷி அரசு 1942-இல் தன்பாலினருக்கு மட்டும் உயர்ந்த சம்மத வயதை விதித்தது. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டம் நீடித்தது. 1960 ஜூலையில் பால் மிர்கே என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தின்வழி நாடாளுமன்றம் தன்பாலீர்ப்பைச் 'சமூகப் பெருங்கேடுகள்' வரிசையில் சேர்த்தது. பாகுபாடு காட்டிய கடைசிச் சட்டப்பிரிவு நீங்கியது 1982 ஆகஸ்டில். மிஷூ தம் காபரேயைத் தொடங்கி அதற்குள் இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

இந்தப் பின்புலத்தில் வைத்தால்தான் மிஷூ செய்த காரியத்தின் அளவு புலப்படும். ஆண்டுக்கு ஒருமுறை தரப்படும் விதிவிலக்கை எடுத்து, அதை ஆண்டு முழுதும் நடக்கும் தொழிலாக மாற்றினார் அவர். விலாசம், திறக்கும் நேரம், இரவுணவு, கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு திருவிழாவை ஒரு தெருவில் நிலைநிறுத்தினார். சாம்பல் புதன் வராத செவ்வாய்க்கிழமை அது. இதைக் களியாட்டம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஒரு சமுதாயம் 'இன்று மட்டும்' என்று கொடுத்ததை 'இனி எப்போதும்' என்று திருப்பி எழுதியவரின் துணிச்சலை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

இனி நாடகத்துக்கு வருவோம். ழான் புவாரே எழுதிய 'லா காஜ் ஓ ஃபோல்' 1973-இல் பாரிஸின் பலே-ரோயால் அரங்கில் மேடையேறி ஆண்டுக்கணக்கில் ஓடியது. 1978-இல் எதுவார் மொலினாரோ அதைத் திரைப்படமாக்கினார். 1983-இல் பிராட்வே இசைநாடகமாயிற்று. 1996-இல் 'தி பேர்ட்கேஜ்' என்ற ஹாலிவுட் படமாயிற்று. இவற்றுக்கெல்லாம் தூண்டுதல் மிஷூவின் காபரேயே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மிஷூவுக்கு உலகப்புகழ் தேடித்தந்த படைப்பென்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. நாம் அதில் ஒரு வெட்டுக்காயத்தைப் பார்க்கிறோம்.

நாடகத்தின் அமைப்பைக் கவனியுங்கள். காபரேயின் உரிமையாளர் ஒருவர். அவர் கோட்டணிந்த, நிதானமான ஆண். மேடையின் நட்சத்திரம் இன்னொருவர். பெண்ணுடை தரித்து, அழுது, ஊடி, மயங்கி விழுந்து நம்மைச் சிரிக்கவைப்பவர். மார்த்தீர் தெருவில் ஒரே உடலில் இருந்தவை இங்கே இரண்டாகப் பிளக்கப்பட்டிருக்கின்றன. வாடகை கொடுப்பவன், ஆள் அமர்த்துபவன், முடிவெடுப்பவன் ஒருபுறம். பாவாடை கட்டியவன் மறுபுறம். பெண்ணுடை அணிகிற கையால் கணக்கெழுத முடியும் என்று புவாரேயின் நகைச்சுவை நம்பவில்லை. நம்பியிருந்தால் பார்வையாளர் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்திருக்கமாட்டார்கள். மிஷெல் செரோ அந்த நட்சத்திர வேடத்தில் அபாரமாக நடித்தார், சேசார் விருதும் பெற்றார். அவர் திறமையில் நமக்கு ஐயமில்லை. பிராட்வே வடிவத்தை உருவாக்கிய ஹார்வி ஃபயர்ஸ்டீனும் ஜெர்ரி ஹெர்மனும் அந்த நட்சத்திரத்துக்குத் தன்மானத்தைத் திருப்பித் தந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உரிமைப்பத்திரத்தை அவர்களும் திருப்பித் தரவில்லை. நான்கு வடிவங்களிலும் கடை கோட்டுக்காரருடையதாகவே இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிடில் நம் வாதமே குழப்பத்துக்கு உதவிவிடும். மிஷூவின் வாசலுக்கு எதிர்ப்புறம், அதே தெருவில் இருப்பது 1946-இல் தொடங்கிய 'மதாம் ஆர்த்தூர்'. அங்கும் 'காருஸெல்' காபரேயிலும் மேடையேறிய கொக்சினெல், பம்பி ஆகியோர் திருநங்கையர். மேடையில் அவர்கள் வேடமிடவில்லை, தாமாக இருந்தார்கள். மேடைக்கு வெளியேதான் சட்டம் அவர்களை ஆண்வேடமிடச் சொன்னது. பம்பி என்ற மரி-பியேர் ப்ரூவோ, மேடைப்புகழின் நடுவே படித்துத் தேறி, சொர்போனில் பயின்று, எழுபதுகளிலிருந்து பள்ளிகளில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தார். வகுப்பறையில் இலக்கியம் சொல்லிப் பிழைக்கிற நமக்கு இச்செய்தி தனிப்பட்ட மகிழ்ச்சி தருவது. மிஷூவின் கதை இதுவன்று. அவர் ஆணாகவே வாழ்ந்து, பெண்வேடத்தைக் கலையாகவும் தொழிலாகவும் கொண்டவர். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுச் சிரிப்பவர்கள், ஒரே தெருவின் இரு பக்கங்களைக்கூடப் பார்க்காதவர்கள்.

மாற்றுத் தரப்பின் வாதங்களையும் எதிர்கொள்ள வேண்டும். பெண்வேடக் கலை பெண்களை எள்ளுகிறது என்பது முதல் குற்றச்சாட்டு. சில மேடைகளில் அது உண்மை. அவற்றுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மிஷூவின் கலைஞர்கள் தெருவில் போகும் பெண்ணைப் போலச்செய்யவில்லை. இசைத்தட்டு நிறுவனங்களும் ஒப்பனையாளர்களும் தொலைக்காட்சியும் சேர்ந்து செய்துவைத்த நட்சத்திரப் பெண்மையைத்தான் போலச்செய்தார்கள். முன்பே செயற்கையான ஒன்றை மறுபடி செய்துகாட்டும்போது எள்ளலுக்கு உள்ளாவது அந்தச் செயற்கை.

இவ்விடத்தில் கோட்பாட்டாளர்கள் முந்திக்கொண்டு தலையசைப்பார்கள். பெண்வேடம், பால்நிலை முழுவதுமே போலச்செய்தலால் ஆனது என்பதை அம்பலப்படுத்துகிறது என்று ஜூடித் பட்லர் 1990-இல் 'ஜெண்டர் டிரபிள்' நூலில் எழுதினார். ஆழமான வாதம். ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பின்வந்தவர்களின் கட்டுரைகளில் வேடம் இருக்கிறது, வேடக்காரர் இல்லை. அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார், குரல் கெட்டால் என்ன செய்தார் என்ற கேள்விகள் எழுவதேயில்லை. பட்லருக்கும் முன்பே, 1972-இல், எஸ்தர் நியூட்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 'மதர் கேம்ப்' நூலில் பெண்வேடக் கலைஞர்களைத் தொழிலாளர்களாக, ஒரு வேலையின் இடர்களைச் சுமப்பவர்களாகக் கண்டு எழுதினார். அந்தப் பார்வையைத் தொடர்ந்திருந்தால், ஒரு காபரேயின் உரிமையாளர் யார் என்பது கோட்பாட்டுக்கும் முதன்மையான கேள்வி என்பது விளங்கியிருக்கும். போலச்செய்தல் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம்; போலச்செய்ய ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு மாதந்தோறும் வாடகை வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. மிஷூ போராளி அல்லர்; அரசியல்வாதிகளின் நண்பர்; பணம் படைத்தவர்கள் வந்து சிரித்துவிட்டுப் போக அவர் இடம் கொடுத்தார்; அவர்கள் சிரித்துவிட்டுப் போன பின்னும் சட்டம் அப்படியே இருந்தது. 1971-இல் 'ஃபார்' என்ற தன்பாலினர் புரட்சி முன்னணி தோன்றி, தொழிலாளர் தினப் பேரணியிலேயே தன் குரலை எழுப்பியபோது, மார்த்தீர் தெருவில் வழக்கம்போல் இரவுணவு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. இதை நாம் மறுக்கப்போவதில்லை. சட்டத்தை மாற்றியவர்கள் போராளிகளே. அந்தப் பெருமையில் மிஷூவுக்குப் பங்கு கேட்பது பொய்.

ஆனால் போராளியா கோமாளியா என்ற இரண்டு பெட்டிகள் மட்டுமே வைத்திருப்பவர்களிடம் நமக்கு வழக்குண்டு. முழக்கம் எழுவதற்கு முன் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஓர் அறை வேண்டும். பெண்ணுடை அணிகிற ஓர் இளைஞன் அதைக்கொண்டே பிழைக்கவும் முடியும் என்பதற்கு ஒரு முகவரி வேண்டும். அந்த அறையை மிஷூ தம் சொந்தப் பொறுப்பில் வைத்திருந்தார். பார்வையாளரின் சிரிப்பு அந்த அறைக்கு அவர் கொடுத்த வாடகை. வாடகை கொடுப்பது அவமானம் என்று சொந்த வீட்டுக்காரர்கள் சொல்லலாம். அக்கம்பக்கத்து முதியோரை மாதந்தோறும் அழைத்து, இலவசமாகப் பகலுணவு படைத்த வழக்கமும் அதே அறையில்தான் நடந்தது. பேட்டைக்கு வேண்டியவராகிவிட்ட ஒருவரை விரட்டுவது அவ்வளவு எளிதன்று என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். அன்பும் தற்காப்பும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை.

கடைசியாக அரசு. 2005-இல் மிஷூவுக்கு லெஜியோன் தோனர் விருது கிடைத்தது. 1949-இல் ஆணையிட்ட அரசு, 1960-இல் பெருங்கேடு என்று பட்டியலிட்ட அரசு, தன் உயரிய பதக்கத்தை நீலக் கோட்டில் குத்தியது. இது முன்னேற்றம்தானே என்பீர்கள். ஆம், முன்னேற்றம்தான். ஆனால் பதக்கம் ஓர் ஆளுக்குரியது, ஆளோடு போய்விடும். காபரே தம்மோடு முடிந்துவிட வேண்டும் என்றே மிஷூ சொல்லிவந்தார். குடும்பத்தார் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நிதி நெருக்கடி அதை மூடியது. அதே கோடையில், ஜூலை 26 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஸேன் ஆற்றின் பாலமொன்றில் பெண்வேடக் கலைஞர்கள் உலகின் கண்முன் நின்றார்கள். எதிர்ப்பும் வசையும் மிரட்டலும் எழுந்தன. அவற்றுக்கு எதிராக அந்தக் கலைஞர்களின் பக்கமே நாம் நிற்கிறோம். என்றாலும் இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் இருக்க முடியவில்லை. ஓர் இரவுக்கு ஒரு பாலம் கிடைத்தது; அறுபத்தெட்டு ஆண்டுகள் இருந்த ஒரு வீடு போயிற்று. மறுபடியும் மார்தி க்ரா: ஒருநாள் அனுமதி, மறுநாள் சாம்பல்.

2015-இல் புத்துயிர் பெற்ற மதாம் ஆர்த்தூர் அதே தெருவில் இன்றைய தலைமுறைக் கலைஞர்களின் சொந்தக் குரலில் பாடிக்கொண்டிருக்கிறது என்பது ஆறுதல். ஆகவே மரபு அழிந்துவிட்டதென்று ஒப்பாரி வைக்க நாம் வரவில்லை. வாசகர்களிடம் நாம் கேட்பது ஒரு வாசிப்புமுறையை மட்டுமே. விளிம்பிலிருந்து வந்த கலைஞர் ஒருவரை வண்ணம், விசித்திரம், துணிச்சல் என்ற சொற்களால் யாரேனும் புகழ்ந்தால், கைதட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் நின்ற மேடை யாருடையது? மிஷூவைப் பொறுத்தவரை விடை தெளிவானது. அது அவருடையது. சாலீஸுக்கும் ப்ரூவானுக்கும் பக்கத்தில் அவருக்கு இடம் தர அந்த ஒன்றே போதும். கண்ணாடியின் நிறம் என்னவாக இருந்தாலும்.